அங்கோலா: யார் யாருக்குப் பினாமி?

1975 நவம்பர் 10. அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் கடைசிப் போர்ச்சுகீசிய ஹை கமிஷனர் லியோனல் கார்டோசோ கொடியை இறக்கினார். ஆட்சியை இன்ன கட்சியிடம் ஒப்படைக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அங்கோலா மக்களிடம் கொடுக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். சாவியை வாங்க மூன்று இயக்கங்கள் காத்திருந்தன. அவற்றில் ஒன்று அன்று காலை நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் பீரங்கிகளோடு நின்றது.

அடுத்து நடந்ததைப் பலரும் 'பினாமிப் போர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அமெரிக்கா ஒரு பக்கம், சோவியத் யூனியன் மறுபக்கம், அடித்துக்கொண்டது ஆப்பிரிக்கர்கள் என்பது கணக்கு. ஆனால் பினாமி என்றால் பத்திரத்தில் பெயர் மட்டும்தான் அவனுடையது, முடிவெடுப்பது வேறொருவர். அங்கோலாவில் கியூபா மாஸ்கோவைக் கேட்காமல் படை அனுப்பியது. தென்னாப்பிரிக்கா வாஷிங்டனை நம்பி இறங்கி நட்டாற்றில் நின்றது. மாஸ்கோவின் ஆலோசகர்கள் போட்ட திட்டத்தைக் கியூபத் தளபதிகள் ஆபத்து என்று எதிர்த்தார்கள். சித்தாந்தத்தை விடப் பாலம், மழை, பீரங்கியின் வீச்சு, விமானம் எண்ணெய் நிரப்பும் இடம் ஆகியவைதான் இந்தப் போரில் அதிகம் தீர்மானித்தன.

முதலில் மூன்று இயக்கங்கள். அகோஸ்டின்ஹோ நெட்டோவின் எம்.பி.எல்.ஏ.வுக்கு லுவாண்டாவும் அதைச் சுற்றியுள்ள கிம்புண்டு மக்களும் பலம்; நகரத்துப் படித்தவர்களும் கலப்பினத்தவர்களும் அதில் அதிகம். ஹோல்டன் ராபர்டோவின் எஃப்.என்.எல்.ஏ.வுக்கு வடக்கே பகோங்கோ மக்களும், எல்லைக்கு அப்பால் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டுவும் ஆதரவு. ஜோனாஸ் சவிம்பியின் யுனிடா மத்திய பீடபூமியின் ஒவிம்புண்டு மக்களிடம் வேர் விட்டிருந்தது. 1974 ஏப்ரல் 25-ல் லிஸ்பனில் ராணுவப் புரட்சி நடந்ததும் காலனிகளைக் கழற்றிவிட போர்ச்சுகல் அவசரப்பட்டது. 1975 ஜனவரி 15-ல் அல்வோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: மூவரும் சேர்ந்து இடைக்கால அரசு நடத்த வேண்டும், நவம்பர் 11-ல் விடுதலை.

இந்தத் தேதிதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். அன்று லுவாண்டா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அரசாங்கம். துறைமுகம், வானொலி, வடக்கே உள்ள கபிண்டா பகுதியின் எண்ணெய்க்கு வரும் ராயல்டி, வெளிநாடுகளின் அங்கீகாரம் எல்லாம் அவருக்கே. ஜூலையில் எம்.பி.எல்.ஏ. மற்ற இரண்டையும் தலைநகரிலிருந்து அடித்து விரட்டியது. அதற்குப் பிறகு வெளியாட்கள் செய்ததெல்லாம் இந்தத் தேதிக்குள் லுவாண்டாவை எட்டுவது எப்படி, எட்டவிடாமல் தடுப்பது எப்படி என்ற இரண்டே கேள்விக்கான பதில்கள்.

அமெரிக்கா சில்லறையில் தொடங்கியது. ரகசிய நடவடிக்கைகளைப் பார்த்துக்கொண்ட 40 கமிட்டி, 1975 ஜனவரியில் ஹோல்டன் ராபர்டோவுக்கு 3 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஜூலையில் அதிபர் ஃபோர்டு சி.ஐ.ஏ.வுக்கு அனுமதி கொடுத்ததும் அது கோடிகளுக்குப் போய், கடைசியில் 3 கோடி டாலரைத் தாண்டியது. ஆயுதங்கள் ஜயரின் தலைநகர் கின்ஷாசாவில் இறங்கின. வெளியுறவுத் துறையில் ஆப்பிரிக்கப் பிரிவைக் கவனித்த நத்தானியல் டேவிஸ் இது வெளியே தெரிந்துவிடும், ஜெயிக்கவும் போதாது என்று எழுதிப் பார்த்தார்; கேட்கவில்லை என்றதும் பதவி விலகினார். அவர் சொன்ன இரண்டும் ஆறு மாதத்துக்குள் நடந்தன. இதில் வேடிக்கை, கம்யூனிஸ்ட் சீனாவும் ஜயரில் எஃப்.என்.எல்.ஏ.வுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. மாஸ்கோவுக்கு எதிராக யார் நின்றாலும் பெய்ஜிங்குக்கு அப்போது சரிதான்.

தென்னாப்பிரிக்காவுக்கு வேறு கணக்கு. அங்கோலாவுக்குத் தெற்கே ஒட்டியுள்ள நமீபியா அன்று அதன் பிடியில் இருந்தது; அங்கே விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போ கெரில்லாக்களுக்கு அங்கோலா பின்வாசல் ஆகிவிடும் என்பது தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவின் பயம். அக்டோபர் 14-ல் 'ஜூலு' என்ற படைப்பிரிவு எல்லை தாண்டியது. கறுப்பினச் சிப்பாய்கள், அவர்களை நடத்த வெள்ளை அதிகாரிகள். பார்ப்பவர்கள் கூலிப்படை என்று நினைக்கட்டும் என்று ராணுவ அடையாளங்களைக் கழற்றிவிட்டார்கள். அவர்களுடைய முக்கிய ஆயுதம் ஈலண்ட் கவச வண்டி. பிரெஞ்சு பனார் வண்டியின் நகல். நாலு சக்கரம், பெட்ரோல் எஞ்சின், 90 மில்லிமீட்டர் பீரங்கி. போர்ச்சுகீசியர் போட்டுவைத்த தார்ச்சாலையில் அது பறந்தது. அக்டோபர் 24-ல் சா டா பண்டெய்ரா (இன்றைய லுபாங்கோ), 28-ல் மொசாமெடெஸ், நவம்பர் முதல் வாரத்தில் பெங்குவேலாவும் லொபிட்டோவும், 13-ம் தேதியையொட்டி நோவோ ரெடோண்டோ. வழியில் கட்டெங்கெ என்ற இடத்தில் மட்டும் எதிர்த்து நின்றவர்கள் குறி பார்த்துச் சுட்டார்கள். அவர்கள் கியூபர்கள். பெங்குவேலாவில் எம்.பி.எல்.ஏ.வுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஆசிரியர்கள்.

கியூபா அதுவரை அனுப்பியிருந்தது ஏறக்குறைய 480 பயிற்றுநர்களை. அவர்கள் நான்கு முகாம்களில் பிரிந்திருந்தார்கள். நவம்பர் 4-ல் ஃபிடல் காஸ்ட்ரோ முழுப் படையையே அனுப்ப முடிவெடுத்தார். 1843-ல் மட்டான்சாஸ் மாகாணத்துக் கரும்பு ஆலையில் அடிமைக் கலகத்தை நடத்திய கார்லோட்டாவின் பெயரை அந்த நடவடிக்கைக்கு வைத்தார்கள். அனுப்புவது எப்படி? கப்பலில் போனால் வாரக்கணக்காகும். நாளோ ஏழுதான் மிச்சம். கியூபாவிடம் இருந்த தொலைதூர விமானங்கள் பிரிட்டிஷ் தயாரிப்பான பழைய பிரிஸ்டல் பிரிட்டானியா புரொப்பெல்லர் விமானங்கள். நவம்பர் 7-ல் முதல் விமானங்கள் கிளம்பின. ஹவானாவிலிருந்து பார்படோஸ், பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி கினி-பிசாவு, பிறகு பிராஸவில், கடைசியில் லுவாண்டா. தங்கல்களோடு சேர்த்து இரண்டு நாள் பயணம். உள்ளே இருந்தவர்கள் உள்துறை அமைச்சகத்தின் சிறப்புப் படையினர், மொத்தம் 652 பேர், பல தடவையாக. கோடைக்கால உடுப்பில், சாதாரணப் பாஸ்போர்ட்டோடு, சுற்றுலாப் பயணிகள் போல. ஆயுதங்கள் கீழே சரக்கு அறையில்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. அமெரிக்கா நெருக்கியதும் டிசம்பரில் பார்படோஸ் கதவை மூடியது. அசோரஸ் தீவில் எண்ணெய் நிரப்பப் பார்த்தார்கள், அதுவும் நீடிக்கவில்லை. விமானத்தின் பயணி அறைக்குள்ளேயே கூடுதல் எரிபொருள் தொட்டிகளை ஏற்றினார்கள். தொட்டி ஏறினால் ஆள் குறையும். சோவியத் ஐ.எல்.-62 ஜெட் விமானங்கள் இந்த வேலைக்கு வந்தது 1976 ஜனவரியில்தான். ஆகஸ்டில் காஸ்ட்ரோ போக்குவரத்துக்கு உதவி கேட்டபோது பிரெஷ்னேவ் பிடி கொடுக்கவில்லை. அமெரிக்காவோடு பதற்றத் தணிப்பு, அணு ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சு என்று அவருக்கு வேறு வேலை இருந்தது. ஆயுதத்தை மாஸ்கோ கப்பலில் தாராளமாக அனுப்பியது உண்மை. ஆனால் ஆளை அனுப்பும் முடிவு ஹவானாவுடையது, போனவர்கள் போனதும் கியூபாவின் சொந்த விமானத்தில். எஜமான் பின்னால் ஓடிவந்து பணம் கட்டிய பினாமி வியாபாரம் இது.

நவம்பர் 10-ன் கிஃபாங்கோண்டோவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வடக்கிலிருந்து லுவாண்டாவுக்கு வரும் சாலை அங்கே பெங்கோ ஆற்றுச் சதுப்பைத் தாண்டுகிறது. இருபுறமும் சேறும் நீரும், நடுவே உயர்த்திப் போட்ட ஒற்றைச் சாலை, எதிரே எம்.பி.எல்.ஏ. பிடித்து வைத்திருந்த மேடு. சாலையை விட்டு இறங்கினால் வண்டி புதையும். சாலையிலேயே வந்தால் வரிசையாக நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்க அதிகாரிகள் இந்த வழி வேண்டாம் என்றார்கள். விடுதலை நாளுக்கு முன் நகருக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்று ராபர்டோ பிடிவாதமாக நின்றார்.

அவரிடம் இருந்தவை: தன் படை, ஜயர் பட்டாலியன்கள், ஒரு கைப்பிடி போர்ச்சுகீசிய வீரர்கள், பனார் கவச வண்டிகள், தென்னாப்பிரிக்கர்கள் இயக்கிய மூன்று 140 மில்லிமீட்டர் பீரங்கிகள், ஜயர் கொண்டுவந்த வடகொரிய 130 மில்லிமீட்டர் பீரங்கிகள். விடிந்ததும் தென்னாப்பிரிக்க கான்பெரா விமானங்கள் மிக உயரத்திலிருந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்ற உயரம் அது. குண்டுகள் எங்கெங்கோ விழுந்தன. வடகொரிய பீரங்கியில் ஒன்று, பழக்கமில்லாத ஆட்கள் இரட்டை மருந்து திணித்ததால் முதல் வேட்டிலேயே வெடித்துத் தன் ஆட்களையே கொன்றது. கவச வண்டிகள் சாலையில் வரிசையாக வந்ததும் முன்வண்டிகளை அடித்து வழியை அடைத்தார்கள். பிறகு கியூபர்கள் இயக்கிய பி.எம்.-21 ராக்கெட் வண்டிகள் பேசின. ஒரு லாரியில் 40 குழாய். 122 மில்லிமீட்டர் ராக்கெட் நாற்பதும் 20 விநாடியில் போய்விடும். வீச்சு 20 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்கரின் இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கிகளுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. சேற்றில் பதுங்க இடம் இல்லாத கூட்டத்தின் மேல் அவை விழுந்ததும் எஃப்.என்.எல்.ஏ. கலைந்தது. அதன் பிறகு ஒரு படையாக அது எழவே இல்லை. நள்ளிரவில் நெட்டோ லுவாண்டாவில் விடுதலையை அறிவித்தார். தென்னாப்பிரிக்கப் பீரங்கிக்காரர்களை அந்த மாதக் கடைசியில் அம்பிரிசெட்டே கடற்கரையிலிருந்து ஒரு போர்க்கப்பல் ஏற்றிக்கொண்டு போயிற்று.

தெற்கில் ஜூலுவை நிறுத்தியவை மழையும் ஆறுகளும். பின்வாங்கும்போது கியூபர்கள் கெவே ஆற்றுப் பாலங்களைத் தகர்த்தார்கள். தார்ச்சாலையை விட்டு உள்நாட்டுப் பாதைக்குத் திரும்பிய ஈலண்டுகள் சேற்றில் மாட்டின. சக்கர வண்டிக்கு அது எமன். நவம்பர் 23-ல் எபோவுக்கு அருகே ஒரு சிறு பாலத்தைக் குறிவைத்துக் கியூபர்கள் பதுங்கியிருந்து அடித்ததில் பல வண்டிகள் அங்கேயே எரிந்தன. டிசம்பரில் 'பாலம் 14' என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கர்கள் திருப்பி அடித்து ஜெயித்தார்கள். ஆனால் ஆட்டம் அதற்குள் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. சிறைபிடித்த வெள்ளைச் சிப்பாய்களை லுவாண்டா உலகத்துக்குக் காட்டியது. நிறவெறி அரசின் படை உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததும் நைஜீரியா எம்.பி.எல்.ஏ. பக்கம் சாய்ந்தது. 1976 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பில் ஓட்டு 22-க்கு 22 என்று பிளந்தது. வியட்நாம் முடிந்து எட்டு மாதமே ஆகியிருந்த அமெரிக்காவில் செனட் டிசம்பர் 19-ல் 54-க்கு 22 என்ற கணக்கில் பணத்தை நிறுத்தியது. 1976-ல் கிளார்க் திருத்தம் அதை நிரந்தரமாக்கியது. கூட வந்தவர் கையை உதறிவிட்டார் என்று பிரிட்டோரியா வெளிப்படையாகவே கசந்து பேசியது. மார்ச் 27-ல் கடைசித் தென்னாப்பிரிக்கப் படையும் எல்லை தாண்டித் திரும்பியது. அந்த வசந்த காலத்தில் அங்கோலாவில் கியூபர் எண்ணிக்கை 36,000.

இங்கே ஒரு கிளைக்கதை. கபிண்டாவில் எண்ணெய் எடுத்தது கல்ஃப் ஆயில் என்ற அமெரிக்கக் கம்பெனி. சிறிது காலம் நிறுத்திவிட்டு 1976-லேயே அது திரும்பி வந்து லுவாண்டா அரசுக்கு ராயல்டி கட்டியது. அந்த எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் கியூபச் சிப்பாய்கள். அமெரிக்க டாலர் மார்க்சிய அரசின் கருவூலத்துக்குப் போயிற்று. அதே அரசைக் கவிழ்க்க 1985-ல் கிளார்க் திருத்தத்தை நீக்கிவிட்டு ரீகன் அரசு சவிம்பிக்கு ஸ்டிங்கர் ஏவுகணை அனுப்பியது. இதில் யார் யாருக்குப் பினாமி என்று கணக்கு எழுதிப் பாருங்கள்.

1976-க்கும் 1987-க்கும் நடுவில் நடந்தது நீண்ட தேய்மானம். தென்னாப்பிரிக்கா எல்லை தாண்டி ஸ்வாப்போ முகாம்களை அடித்துவிட்டுத் திரும்பும். யுனிடா தென்கிழக்கு மூலையில் ஜம்பாவைத் தலைமையகமாக்கிக்கொண்டு பாலத்தையும் ரயிலையும் தகர்க்கும். கியூபர்கள் தெற்கே ஒரு தற்காப்புக் கோட்டைப் பிடித்து நிற்பார்கள். பிரிட்டோரியா 1975-ல் பீரங்கி வீச்சில் பட்ட அடியை மறக்கவில்லை. கனடா நாட்டுப் பொறியாளர் ஜெரால்டு புல்லின் வடிவமைப்பிலிருந்து ஜி-5 என்ற 155 மில்லிமீட்டர் பீரங்கியை உருவாக்கிக்கொண்டது. வீச்சு 39 கிலோமீட்டர். சோவியத் 130 மில்லிமீட்டர் பீரங்கிக்கு 27. ஆனால் 1977-ல் ஐ.நா. போட்ட ஆயுதத் தடையால் புதுப் போர் விமானம் வாங்க வழியில்லை. விழுந்த மிராஜுக்கு மாற்று மிராஜ் கிடையாது. இந்த ஒரு பலவீனம் பத்து வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

1987-ல் சோவியத் ஆலோசகர்கள் அங்கோலா ராணுவத்தைத் தென்கிழக்கே குய்டோ குவானவாலே என்ற ஊரிலிருந்து யுனிடா கையிலிருந்த மவிங்காவுக்கு அனுப்பினார்கள். மவிங்கா விழுந்தால் ஜம்பாவுக்கு வழி திறக்கும். ஐரோப்பியச் சமவெளிக்கு எழுதிய பாடம் அது. கியூபத் தளபதிகள் ஒப்பவில்லை. எல்லாம் நடைமுறைக் காரணங்கள்தான்: சாலை இல்லை, ஆழமான மணலில் லாரி ஆள் நடக்கும் வேகத்தில் போகும், டீசலும் தண்ணீரும் பின்னாலிருந்து வர வேண்டும், ஆனால் மெனோங்குவே முதல் குய்டோ வரை உள்ள ஏறக்குறைய 180 கிலோமீட்டரிலேயே யுனிடா கண்ணிவெடி வைத்துக் கான்வாய்களை அடிக்கும், போர் விமானங்களின் பாதுகாப்பு வளையத்தை விட்டு வெளியே போக நேரும், தென்னாப்பிரிக்கா வராது என்று நினைத்துத் திட்டம் போடக் கூடாது. எல்லாம் அப்படியே நடந்தது. லொம்பா ஆற்றுச் சதுப்பில் பிரிகேடுகள் ஒன்றுக்கொன்று உதவ முடியாத தூரத்தில் சிதறி நின்றன. அக்டோபர் 3-ல் 47-வது பிரிகேட், ஆற்றைத் தாண்ட முடியாமல் முதுகுப்புறம் சேறாக நின்ற நேரத்தில் அழிந்தது. சோவியத் சாம்-8 வான்பாதுகாப்பு ஏவுகணை வண்டி முழுதாகத் தென்னாப்பிரிக்கர் கையில் சிக்கியது. மிச்சப் படை குய்டோ குவானவாலேவுக்குத் திரும்பி ஓடிவந்தது.

நவம்பர் 15-ல் ஹவானா அடுத்த முடிவெடுத்தது, மறுபடியும் மாஸ்கோவைக் கேட்காமல். குய்டோவைக் காப்பாற்றுவது ஒரு கை. அதே நேரம் பெரும்படையைத் தென்மேற்கே, நமீபியா எல்லையை நோக்கி நகர்த்துவது இன்னொரு கை. எதிரி கிழக்கே ஒரு பாலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மேற்கே அவன் வீட்டு வாசலில் போய் நிற்பது.

குய்டோவில் பாலம்தான் உயிர்நாடி. அங்கோலா படையின் பெரும்பகுதி ஆற்றின் கிழக்குக் கரையில், சோறும் குண்டும் மேற்குக் கரையில். 1988 ஜனவரி 3-ல் தென்னாப்பிரிக்க விமானம் வழிகாட்டும் குண்டால் பாலத்தைச் சேதப்படுத்தியது. ஜி-5 குண்டுகள் நாள் தவறாமல் விழுந்தன. கியூபர்கள் வந்து முதலில் செய்தது, கிழக்குக் கரையில் விரிந்து கிடந்த படையைத் தும்போ என்ற சிறு முக்கோணத்துக்குள் சுருக்கியது. முன்னால் அடுக்கடுக்காகக் கண்ணிவெடி வயல். பின்னால் உயரமான மேற்குக் கரையில் அந்த வயலைக் குறித்து வைத்த பீரங்கிகள். பிப்ரவரி 25, மார்ச் 1, மார்ச் 23 என மூன்று தடவை தென்னாப்பிரிக்க ஒலிஃபன்ட் டாங்கிகளும் யுனிடாவும் முட்டிப் பார்த்தன. மூன்று தடவையும் ஒரே கதை: டாங்கி கண்ணிவெடியில் சங்கிலி அறுந்து நிற்கும், வழி துழாவ மற்றவை வேகம் குறைக்கும், அந்த நேரத்தில் மேற்குக் கரை சுடும். கடைசித் தாக்குதலில் சில டாங்கிகளை அப்படியே வயலில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மெனோங்குவேயிலிருந்து வரும் கியூபர்களின் மிக்-23 போர் விமானம் களத்துக்கு மேல் வேண்டிய நேரம் சுற்றலாம். நமீபியாவிலிருந்து வரும் மிராஜுக்கு எரிபொருள் சில நிமிடங்களுக்குத்தான் வரும்.

லொம்பாவில் நாங்கள்தான் ஜெயித்தோம், ஊரைப் பிடிப்பது எங்கள் நோக்கமே இல்லை என்று தென்னாப்பிரிக்கத் தளபதிகள் இன்றும் வாதாடுவார்கள். லொம்பாவைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் குய்டோவையே பார்த்துக்கொண்டிருந்தால் தென்மேற்கில் நடந்தது கண்ணில் படாது. தீர்ப்பு அங்கேதான் எழுதப்பட்டது என்பது என் எண்ணம். அங்கே கியூபப் படை டாங்கிகளோடும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளோடும் எல்லைக்கு நெருக்கமாக இறங்கியது. சில வாரங்களில் கஹாமாவில் ஓடுதளம் போட்டார்கள். அதுவரை நமீபியாவின் வடக்கு விமானத் தளங்கள் கியூப மிக்குகளுக்கு எட்டாத தூரம். ஓடுதளம் முடிந்த நாள் அவை எட்டும் தூரம். ஜூன் 27-ல் குனேனே ஆற்றின் கலுவெக்கே அணையை மிக்-23கள் தாக்கியதில் 11 தென்னாப்பிரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கட்டாய ராணுவ சேவையில் பையன்களை அனுப்பியிருந்த வெள்ளைக் குடும்பங்களுக்கு அது தாங்க முடியாத கணக்கு. வானம் இனி நம்முடையது இல்லை என்று பிரிட்டோரியாவுக்கும் புரிந்தது.

பேச்சுவார்த்தை மே மாதமே லண்டனில் தொடங்கியிருந்தது. கியூபர் அங்கோலாவை விட்டால் தென்னாப்பிரிக்கா நமீபியாவை விடும் என்ற முடிச்சை அமெரிக்க ராஜதந்திரி செஸ்டர் குரோக்கர் பல ஆண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் அதை இழுக்க ஆள் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் தென்னாப்பிரிக்கர்கள் அங்கோலாவை விட்டு வெளியேறினார்கள். டிசம்பர் 22-ல் நியூயார்க்கில் கையெழுத்து. நமீபியா விடுதலைக்கான ஐ.நா.வின் 435-வது தீர்மானம் 1978 முதல் தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கு உயிர் வந்தது. 1990 மார்ச் 21-ல் நமீபியா விடுதலை பெற்றது. அங்கே ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தியத் தளபதி திவான் பிரேம் சந்த்.

வெளியேறும் அட்டவணை ரயில்வே கால அட்டவணை போல இருந்தது. 1989 ஏப்ரல் 1-க்குள் 3,000 கியூபர்கள் போக வேண்டும். ஆகஸ்ட் 1-க்குள் மற்றவர்கள் 15-வது அட்சரேகைக்கு வடக்கே, அக்டோபர் 31-க்குள் 13-வதற்கு வடக்கே. நவம்பர் 1-க்குள் 25,000 பேர், 1990 அக்டோபருக்குள் 38,000 பேர், 1991 ஜூலை 1-க்குள் ஐம்பதாயிரமும். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தலை எண்ண ஐ.நா. 70 பார்வையாளர்களை வைத்தது. பத்து நாட்டவர், அவற்றில் இந்தியாவும் ஒன்று. 1990 ஜனவரியில் யுனிடா தாக்கி நான்கு கியூபர்களைக் கொன்றபோது ஹவானா சில வாரம் கப்பலை நிறுத்திவைத்தது. ஆனாலும் கடைசி ஆள் 1991 மே 25-ல், கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கிளம்பிவிட்டார். கியூபா அங்கோலாவில் இழந்தது 2,000-க்கு மேற்பட்ட உயிர்கள். படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் அர்னால்டோ ஒச்சோவாவை எதிரி கொல்லவில்லை; போதைப்பொருள் வழக்கில் 1989 ஜூலையில் ஹவானாவே சுட்டது.

கியூபர் கிளம்பி ஆறு நாளில், மே 31-ல் எம்.பி.எல்.ஏ.வும் யுனிடாவும் போர்ச்சுகலில் சமாதானக் கையெழுத்துப் போட்டார்கள். 1992 தேர்தலில் தோற்ற சவிம்பி முடிவை ஏற்காமல் காட்டுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு சோவியத் யூனியனே இல்லை, வாஷிங்டனும் அடுத்த ஆண்டு லுவாண்டாவை அங்கீகரித்துவிட்டது. கடலோர எண்ணெய் ஒரு பக்கத்துக்குச் செலவு கொடுத்தது, லுண்டா வயல்களின் வைரம் மறுபக்கத்துக்கு. 2002 பிப்ரவரி 22-ல் மொசிக்கோ மாகாணத்தில் சவிம்பி சுட்டுக்கொல்லப்படும் வரை சண்டை ஓயவில்லை.